சர்வர் மறுமொழியைப் பிரித்தறிதல்

சர்வர் விடுக்கும் ஜேசன் மறுமொழி, பிரௌசரை அடையும்பொழுது, பதம் பிரியாத செய்யுளைப் போல ஒரே எழுத்துத் தொடராக நிற்கும். அதனைப் பொருட்கூறுகளாகப் பிரித்துத் தருவது ஜாவாஸ்கிரிப்டின் 'ஜேசன்.பார்ஸ்' என்னும் கட்டளையாம். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது வரிசை. நெளிவு அடைப்புக்குறிக்குள் இருப்பது பெயரும் மதிப்புமாய் இணைந்த தொகுதி. வரிசையின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்வது 'ஃபார்-ஆஃப்' என்னும் சுழற்சி.

எனினும், பிரித்த அளவில் அமைதல் கூடாது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதன் அன்றாட நீர்மட்டங்கள் ஒரு வரிசையாக வந்தனவென்று கொள்வோம். "99" என மேற்கோட்குறிக்குள் வருவது எண்ணன்று, எழுத்துத் தொடரே. அதனை "120" என்னும் தொடரோடு ஒப்பிடின், முதற்குறிகளில் 9 ஆனது 1-க்குப் பிற்பட்டதாதலின், 99 பெரிதென்றே விடை வரும். நிரம்பாத அணை நிரம்பியதாகத் தோன்றும். அதனை நம்பித் தஞ்சை உழவர் குறுவைக்கு நாற்று விட்டால் யாதாகும்?

ஆகவே, சுழற்சியினுள் ஒவ்வொரு மதிப்பையும் 'நம்பர்' என்னும் செயற்கூற்றால் எண்ணாக்கிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். அளவு பதியாத நாளுக்குரிய 'நல்' என்பதும் அவ்வாறு மாற்றப்படின் 0 ஆகிவிடும். அதனை முன்னரே விலக்குக. எழுத்தை எழுத்தாகவும் எண்ணை எண்ணாகவும் அறிதலே பிரித்தலின் பயன்.