மலையேற்றத்தில் நிற்கும் வண்டி

நின்ற வண்டி நின்றபடியே கிடக்குமாயின் அதன் பழுதைக் காண்டல் அரிதன்று. சிறிது நேரம் நின்று, பின்னர் ஒன்றுமே நிகழாததுபோல் ஓடும் வண்டியே வல்லாரையும் மயக்குவது. பட்டறை வாயிலில் அது நல்ல பிள்ளையாய் நிற்கும். மெக்கானிக் எதனைக் கண்டு தீர்ப்புக் கூறுவார்? இத்தகைய நோயொன்றைச் சென்ற கோடை விடுமுறையில் ஆராய நேர்ந்ததை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு எஞ்சினில் என்ன வேலை என நகைக்கும் விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

எம் தாய்மாமன் வத்தலக்குண்டில் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட, கார்புரேட்டர் உடைய வண்டி. சமவெளியில் குறையின்றி ஓடும். மேஜர் லா என்பார் பெயரால் லாஸ் காட் எனப்படும் கொடைக்கானல் மலைப்பாதையில், டம்டம் பாறையைக் கடந்து ஊத்தை நெருங்குங்கால் இருமி நின்றுவிடும். இருபது நிமிடத்திற்குப்பின் தானே கிளம்பும். அதற்குள் பயணிகள் வேறு வண்டி ஏறிவிடுவர், வாடகையும் போய்விடும். சீசன் வரும்படியை நம்பியே தம் மகளைக் கல்லூரியிற் சேர்த்திருந்த மாமன், வண்டியை இரும்புக்கடைக்கு நிறுத்துக் கொடுத்துவிடவும் துணிந்திருந்தார்.

ஊரார் அனைவரும் ஒருமுகமாய்க் கூறியது, பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கின்றது என்பதே. இது பேதைமையான கூற்றன்று. ஏறத்தாழ 7000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தினும் ஐந்திலொரு பங்குக்குமேல் குறைவு. அதனால் அங்கே நீர் 93 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே கொதிக்கும்; சோறு வேகத் தாமதிப்பதும் இதனாலேயே. பெட்ரோலும் அவ்வாறே மலைமேல் எளிதில் ஆவியாகும். பம்பு ஆவியை இழுக்குமேயன்றிப் பெட்ரோலைத் தள்ளாது. ஆதலின் மாமன் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்; வண்டியும் கிளம்பும். பம்பையே புதிதாக மாற்றியும் பார்த்தார். நோய் தீர்ந்தபாடில்லை.

ஈரத்துணி வண்டியைக் கிளப்பிற்றா, அன்றி இருபது நிமிடம் கிளப்பிற்றா? இதனை ஒருவரும் கேட்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் பம்பு மட்டுமன்று, மூடிக்குள் இருக்கும் யாவும் குளிரும். எனவே ஆறவிட்டபின் ஆராய்தல், சாட்சியை அனுப்பிவிட்டு வழக்கை விசாரிப்பது போலாம்.

டாங்கு மூடியின் காற்றுத்துளை அடைபட்டதோ என்றும் ஐயுற்றோம். பெட்ரோல் செலவாகச் செலவாக உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து நின்றுபோவதுண்டு. ஆனால் அவ்வாறாயின், நின்றவுடன் மூடியைத் திறக்குங்கால் காற்று ‘உஸ்’ என்று உட்புகும். அவ்வோசை எழவில்லை.

அடுத்த பயணத்தில் யாம் முன்னிருக்கையில் ஆயத்தமாய் அமர்ந்தோம். வண்டி நின்ற கணமே இறங்கி, ஒரு பிளக் கம்பியைக் கழற்றி, ரப்பர் உறையிட்ட இடுக்கியாற் பற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்கு அருகே பிடித்தோம். மாமன் சாவியைத் திருப்பினார். பொறி தோன்றவில்லை. (இச்சோதனையைப் பெட்ரோல் குழாயைத் திறக்குமுன் செய்தல் வேண்டும். முறை மாறினால் வண்டியோடு நாமும் எரிவோம்.) பொறியே இல்லாதபோது பெட்ரோலின்மேற் பழி ஏது?

ஆயினும் பொறியின்மைக்குக் காயில், கண்டென்சர், தளர்ந்த கம்பி எனக் காரணம் பல. காயிலைத் தொட்டோம், கை பொறுக்கவில்லை. உள்ளே மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டது அது. முதுமையால் காப்பு நைந்தாலோ கம்பியில் நுண்ணிய முறிவு நேர்ந்தாலோ, சூட்டில் மின்சாரம் வழிதவறும், ஆறியபின் சீராகும். மலையில் கீழ்க்கியரில் மெல்ல ஊர்வதால் சூடு மிகுதி, காற்றோட்டம் குறைவு.

சாவியை அணைத்து, காயிலின் உடலில் மட்டும் ஈரத்துணி சுற்றினோம்; பம்பைத் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் நீலப்பொறி ‘டிக்’கெனத் தெறித்தது. பம்பு சுட்டுக்கொண்டிருக்கவே வண்டி புறப்பட்டது! பண்ணைக்காட்டுப் பிரிவருகே மீண்டும் நின்றபோதும் அவ்வாறே செய்தோம்; அதே பயன் விளைந்தது.

மறுநாள் மாமன் புதுக்காயில் பூட்டினார். பெருமாள்மலையும் வெள்ளி நீர்வீழ்ச்சியும் கடந்து ஏரிக்கரை சேரும்வரை வண்டி ஓரிடத்தும் நிற்கவில்லை. அன்று முதல் எட்டு முறை மலையேறியாயிற்று. எனினும் பம்பின்மேற் சுற்றிய அத்துணி இன்னும் வண்டியிலேயே கிடக்கின்றது. கண்ணாடி துடைக்க என்கிறார் மாமன்.