தெருவில் பிழைத்த நாய் படகிலும் பிழைத்துக்கொள்ளுமா?

மே மாதம் ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுப்பது நம்மூர் நண்பர் கூட்டங்களுக்குப் புதிதில்லை. இப்போது அந்தக் கூட்டத்தோடு நாய்களும் கிளம்புகின்றன. காசு கொடுத்து வாங்கிய லாப்ரடார்கள் இல்லை. தெருவிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் வீட்டுக்கு வந்தவை. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதோரம் சின்ன வெட்டு, முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றிய தழும்பு. இவற்றை விட்டுவிட்டுப் போக மனம் வராதது நல்ல விஷயம்தான். கூடவே ஏறிவிடும் நம்பிக்கைகளில்தான் சிக்கல்.

“தெரு வெயிலையே தாங்கிய நாய், படகு வெயில் என்ன செய்துவிடும்?”

தெருநாய் வெயிலைத் தாங்குவதே இல்லை. வெயிலிலிருந்து தப்பிக்கிறது. காலை வெயில் ஏறியதும் நிற்கும் காருக்கு அடியில் புகுந்துகொள்ளும். பெட்டிக்கடை ஓரத்து மண்ணைப் பறித்து அந்தக் குழியில் வயிறு படப் படுக்கும். சாயங்காலம் வரை அசையாது. எங்கே இருப்பது, எப்போது நகர்வது என்பதெல்லாம் அதன் முடிவு. அதன் ‘தாங்கும் சக்தி’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுதந்திரம்தான். படகில் ஏற்றியதும் அதைப் பறித்துவிடுகிறோம். நாய் போகக்கூடிய இடம் மேல்தளமோ முன்தளமோதான், அதுவும் நாம் உட்கார்ந்ததுபோக மீதி.

நாயின் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாவதால்தான் உடம்பு குளிர்கிறது. ஆலப்புழையின் மே மாதக் காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் தெரிந்தால் அங்கேயே வேலையைத் தொடங்க வேண்டும். ‘சட்டென்று குளிர்ந்த நீர் பட்டால் ஷாக் அடித்துச் செத்துவிடும்’ என்று யாராவது தடுப்பார்கள். அதுவும் தவறு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதே லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களின் அறிவுரை. இளமையான, நோயில்லாத நாயைத் தலை மட்டும் வெளியே இருக்கும்படி குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாம். வயதானதாக இருந்தால், கிடைக்கிற நீரை ஊற்றிக்கொண்டே ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பது உதவாது. கொஞ்ச நேரத்தில் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும்.

“நாய் என்றால் நீந்தாதா?”

நீரில் விழுந்தால் எல்லா நாயும் முன்னங்காலை அடிக்கும். அதற்கு நீச்சல் என்று பெயரில்லை. குட்டைக்கால் டாஷ்ஹண்டும் முகம் சப்பையான பக்கும் சீக்கிரமே மூழ்கும். ஒல்லியான நம் நாட்டு நாய்க்கு உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் மிதக்கவே சிரமப்படும். பிறந்ததிலிருந்து தெருக்குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு நீரைப் பார்க்காத நாயை ‘தூக்கிப் போட்டால் தானே கற்றுக்கொள்ளும்’ என்று ஒரு நண்பர் சொல்வார். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அது கற்றுக்கொள்வது தண்ணீரைப் பற்றிய பயத்தை மட்டும்தான். தூக்கிப் போட்டவரைப் பற்றியும் ஒன்று கற்றுக்கொள்ளும்.

ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டுக் கால்வாய்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆகாயத்தாமரை அடர்ந்து மிதக்கும் இடம் படகிலிருந்து பார்த்தால் பச்சைத் தரைதான். அக்கரை வயலில் வாத்துக் கூட்டம் கத்துகிறது. தரை என்று நம்பி நாய் தாவுகிறது. அடியில் தொங்கும் வேரும் தண்டும் காலைச் சுற்றிக்கொண்டால் நன்றாக நீந்தும் நாய்கூடத் திணறும். அது மீண்டு வந்தாலும், தளத்தின் உயரத்துக்குத் தானாக ஏற முடியாது. நாய்களுக்கான லைஃப் ஜாக்கெட்டின் முதுகில் கைப்பிடி இருப்பது இதற்காகத்தான். பிடித்து அப்படியே மேலே தூக்கிவிடலாம். அளவு சரியானதாக வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

நாய் விழுந்ததும் பின்னாலேயே குதிப்பது பாசம்தான், ஆனால் கூடாது. பதறிய நாய் மனிதரின் தோள்மேல் ஏறி அவரையும் அமுக்கும். பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்என்எல்ஐயும் இதையே சொல்கிறது: நீரில் இறங்காதீர்கள், நாய் எளிதாகக் கரையேறக்கூடிய இடத்துக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுங்கள்.

‘அதற்குத்தான் கம்பத்தில் கட்டிவிடுகிறோமே’ என்பவர்களுக்கு: கட்டிய வாரோடு விளிம்பைத் தாண்டிய நாய் கழுத்தில் தொங்கும். படகு சாய்ந்தால் அதோடு சேர்ந்து மூழ்கும். வார் ஒருவர் கையில் இருக்கட்டும், கொக்கி கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்புப் பட்டையில் மாட்டியிருக்கட்டும்.

“பாருங்கள், எவ்வளவு சமத்தாகப் படுத்திருக்கிறது!”

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் வாக்கியம் இது. அடிபட்டு வளர்ந்த நாய்கள் பல, பயந்தால் குரைப்பதில்லை. உறைந்துபோகும். வால் இரண்டு காலுக்கும் நடுவே, கண்ணோரம் வெள்ளை தெரிய ஒரே பக்கப் பார்வை, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, எதுவும் தின்னாமலே உதட்டை நக்குவது, தட்டில் வைத்த பிஸ்கட்டைத் திரும்பியும் பார்க்காதது. இதற்குப் பெயர் சமத்து இல்லை. எச்சிலும் ஒழுகினால் படகின் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் இருக்கலாம். நமக்கு வாங்கிய வாந்தி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காமல், கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நாய்க்கு இன்னும் வீடே பழகியிருக்காது. அதை இந்த வருடம் விட்டுவிடலாம்.

“ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது.”

எந்த ஊசி? பெரும்பாலும் ரேபிஸ் மட்டும். குட்டநாடு எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அந்தக் கிருமி சிறு கீறல் வழியாகவும் வாய், மூக்கு வழியாகவும் புகும். நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கான தடுப்பூசியை முதல்முறை போடுகிற நாய்க்குச் சில வாரங்கள் இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். எனவே டிக்கெட் எடுக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காயல் நீரைக் குடிக்கவிடாமல், குடிநீரைக் கையோடு எடுத்துப் போவதும் நல்லது. தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குக் கடல் பக்கம் உள்ள நீரில் உப்பும் உண்டு.

“நாங்கள் நண்பர்கள், எங்கள் நாய்களும் நண்பர்கள்.”

பட்டினி கிடந்து வளர்ந்த நாய் சோற்றைக் காவல் காக்கும். பொரித்த கரிமீன் தட்டுகள் தரையோடு தரையாக வைக்கப்படும் தளத்தில், முன்பின் பழகாத இரண்டு நாய்களை விட்டால் சண்டைக்கு ஒரு முள் போதும். அந்த முள் தொண்டையில் சிக்குவது தனிக்கதை. ஊரிலேயே பொதுவான இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவைத்துப் பழக்குங்கள். படகில் தனித்தனியே, மனிதர்கள் சாப்பிட உட்காரும் முன்பே அவற்றுக்குப் பரிமாறிவிடுங்கள்.

ஏஜென்ட் போனில் ‘நாய் வரலாம் சார்’ என்று சொல்வதோடு விடாதீர்கள். படகோட்டிக்கும் சமையல்காரருக்கும் நாய் என்றால் பயமா என்று தனியாகக் கேளுங்கள். இரவு முழுக்க அவர்களும் அதே படகில்தான் தூங்க வேண்டும்.