வீட்டு இரசாயனங்களும் மகளிரின் தைராய்டு புற்றுநோயும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. உருவில் மிகச் சிறியதாயினும் உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவை அது சுரக்கும் தைராக்ஸின் என்னும் இயக்குநீரைச் சார்ந்தே உள்ளன. இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய், ஆண்களைக் காட்டிலும் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. பெண்ணுடலுக்கே உரிய இயக்குநீர்களுக்கு இதில் பங்கு உண்டு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அத்துடன், நாள் முழுவதும் வீட்டுக்குள் புழங்கும் இரசாயனப் பொருள்களுக்கும் பங்கு உண்டோ என்னும் ஐயம் அண்மைக் காலத்தில் வலுப்பெற்று வருகிறது. கொசுவர்த்தி, பூச்சிகொல்லித் தெளிப்பான், பாச்சை உருண்டை, தரை கழுவும் நீர்மம், பஞ்சுமெத்தை இருக்கை, தொலைக்காட்சிப் பெட்டி என்று இல்லத்தில் இரசாயனம் கலவாத பொருள் அரிதாகிவிட்ட இந்நாளில், அவ்வையத்தைப் புறக்கணித்தலும் தவறு. ஆய்ந்து பாராமல் அதை உண்மையென்று கொண்டு அஞ்சுதலும் தவறு.

முதலில், ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது எது என்பதைக் கூறிவிடலாம். அது கதிரியக்கம். 1986-ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்தின்போது காற்றில் கலந்த அயோடின்-131, பாலின் வழியாகக் குழந்தைகளின் உடலை அடைந்தது. பின்னாட்களில் அப்பகுதிக் குழந்தைகளிடையே தைராய்டு புற்றுநோய் பெருகியது. குழந்தைப் பருவத்தில் கழுத்துப் பகுதியில் கதிர் மருத்துவம் பெற்றவர்களிடமும் இதே நிலை காணப்பட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தைராய்டு புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களாக ஏற்றுக்கொண்டவை கதிர்வீச்சு வகைகளே. வீட்டில் பயன்படும் இரசாயனம் எதுவும் அப்பட்டியலில் இந்நோய்க்குரிய உறுதியான காரணமாக இடம்பெறவில்லை.

அப்படியானால் ஐயம் எங்கிருந்து பிறந்தது?

தைராக்ஸினின் மூலக்கூறில் இரண்டு பென்ஸீன் வளையங்கள் ஓர் ஆக்சிஜன் அணுவால் பிணைக்கப்பட்டு, அவற்றின்மீது அயோடின் அணுக்கள் அமர்ந்துள்ளன. பஞ்சுமெத்தைகளும் மின்சாதனங்களின் பிளாஸ்டிக் உறைகளும் எளிதில் தீப்பற்றாதிருக்கும்பொருட்டு அவற்றில் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்கள் சிலவற்றிலும் அதே இரு வளையங்கள், அதே ஆக்சிஜன் பிணைப்பு உள்ளன. அயோடினுக்குப் பதிலாகப் புரோமின் இருப்பதே வேறுபாடு. தைராக்ஸினைக் குருதியில் சுமந்து செல்லும் புரதத்தின் இருக்கையில் இவை தாமே ஏறி அமர வல்லவை. உருவ ஒற்றுமையால் வந்த வினை இது. வேறு சில இரசாயனங்கள் கல்லீரலைத் தூண்டித் தைராக்ஸினை விரைவில் வெளியேற்றுகின்றன. இயக்குநீர் குறையும்போது மூளையடிச் சுரப்பி ‘இன்னும் சுரப்பாயாக’ என்று தைராய்டை ஓயாது தூண்டுகிறது; ஓயாத தூண்டலால் சுரப்பி பருக்கிறது; எலிகளில் நாளடைவில் கட்டியும் தோன்றுகிறது.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. மனிதக் குருதியில் தைராக்ஸினைப் பற்றி நிறுத்திவைக்கும் தனிப் புரதம் நிறைந்துள்ளது. அதனால் மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு வார காலம் ஆகிறது. எலியிலோ ஒரு நாளுக்குள் குறைந்துவிடுகிறது. இவ்வகை இரசாயனத்துக்கு எலி நம்மைவிட எளிதில் இரையாகும் என்பதே இதன் பொருள்.

எனவே பெண்களிடையே நேரடியாக நடந்த ஆய்வுகளை நாட வேண்டியுள்ளது. அவற்றுள் இரண்டு இங்கு கருதத்தக்கவை. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு புற்றுநோய் கண்ட 70 பேரின் வீட்டுத் தூசியும் நோயற்ற 70 பேரின் வீட்டுத் தூசியும் ஒப்பிடப்பட்டன. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். டெக்கா புரோமோ டைபீனைல் ஈதர் என்னும் தீத்தடுப்புப் பொருள் தூசியில் மிகுந்திருந்த வீட்டினரிடம் இந்நோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மற்றோர் ஆய்வு, அயோவா, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிப்போரின் மனைவியர் சுமார் 30,000 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, 2015-இல் வெளியாயிற்று. மாலத்தியான் மருந்தைத் தாமே கையாண்ட பெண்களிடம் தைராய்டு புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இவற்றைத் தீர்ப்பு என்று கொள்ள இயலாது. முதலாவதில் எண்ணிக்கை சிறிது. தூசி அளக்கப்பட்டதோ நோய் வெளிப்பட்ட பின்னர். கட்டி அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அரும்பியிருக்கக்கூடும். இரண்டாவதில் குழு பெரிதாயினும் தைராய்டு நோயாளிகள் சிலரே. ஆயினும் வீட்டைப் பெருக்குபவளும் தெளிப்புத் துணியைத் துவைப்பவளும் பெண்ணே என்னும்போது, முழுச் சான்று கிட்டும் வரை கைகட்டியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டு நிலை

மாலத்தியான் நமக்கு அயலான பெயரன்று. கொசு ஒழிப்புக்காகத் தெருக்களில் புகையாக அடிக்கப்படும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்தின்கீழ், ஒவ்வொரு மருந்துக் கலத்தின்மீதும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்றில் நச்சுத்தன்மையைக் காட்டும் குறியீடு பொறிக்கப்படுகிறது. எழுத்தறியாதாரும் உணரத்தக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நிறம் ஒரு முறை விழுங்கினால் நேரும் உடனடி ஆபத்தையே சுட்டுகிறது. பத்தாண்டுகள் சிறுகச் சிறுகச் சுவாசித்தால் என்னவாகும் என்பதைப் பச்சை நிறமும் சொல்லாது, சிவப்பு நிறமும் சொல்லாது. காலியான மருந்துக் கலத்தைக் கழுவித் தண்ணீரோ தானியமோ வைக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அக்கலத்தை ஓட்டையிட்டு அழித்துவிடுதலே தக்கது. தெளிப்புக்குப் போய்வந்தவரின் ஆடைகளைக் குழந்தைகளின் ஆடைகளோடு சேர்த்து ஊறவைத்தலும் கூடாது. உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் எழுப்புவதைவிட ஈரத் துணியால் துடைத்தல் நன்று. இதற்குக் காசு செலவில்லை.

இவற்றையெல்லாம்விடக் கடுமையான நிலை ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் தில்லியின் சீலம்பூரிலும் பழைய கணிப்பொறிகளும் மின்கம்பிகளும் உடைத்தும் எரித்தும் உலோகம் பிரிக்கப்படுகின்றன. குடியிருப்பே பட்டறையாகிவிடும் இத்தகைய இடங்களில், பெண்கள் சமைக்கும் இடத்தருகே மின்பலகைகள் எரிகின்றன. ஆய்வுக்கூடத்தில் நுண்ணளவாகக் கணக்கிடப்படும் தீத்தடுப்புப் பொருள்கள் இங்கே புகையாகவும் சாம்பலாகவும் சூழ்ந்துள்ளன. செல்வர் வீட்டில் இருந்தவரை ஓரளவே தூசியாய் உதிர்ந்த பொருள், ஏழை வீட்டை அடைந்ததும் எரிகிறது. வீட்டு இரசாயனம் பற்றிய நம் கவலை பாச்சை உருண்டையோடு நின்றுவிடலாகாது.

எண்ணிக்கை பெருகியது எவ்வாறு?

தைராய்டு புற்றுநோய் பெருகிவிட்டது என்னும் செய்தியையும் நிதானமாகவே படித்தல் வேண்டும். தென் கொரியாவில் 2011-இல் கண்டறியப்பட்ட நோய்வீதம் 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. இறப்பு வீதமோ அசையவில்லை. பிற நோய்களுக்கான பரிசோதனையோடு சிறு கட்டணத்தில் கழுத்துக்கும் ஒலியலைப் படம் எடுத்ததே இதற்குக் காரணம். வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாது கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகள் பல்லாயிரம் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அறுவை செய்யப்பட்டன. கேரளத்தில் பெண்களிடையே இந்நோயின் பதிவு நாட்டின் பிற பகுதிகளைவிட உயர்ந்து காணப்படுவதற்கும், இறப்பு அதற்கேற்ப உயராமைக்கும் இத்தகைய விளக்கமே தரப்பட்டுள்ளது. சுரப்பி முழுவதும் அகற்றப்பட்ட பெண் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டியவளாகிறாள். குரல் நரம்புக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பேணும் நுண்சுரப்பிகளுக்கும் ஊறு நேர்தலும் உண்டு. இரசாயன அச்சத்தால் நலமாயுள்ள பெண்கள் கழுத்துப் படம் எடுக்க விரைவார்களானால், தீமை வேறு வழியில் வந்து சேரும். கழுத்தில் கையால் உணரத்தக்க கட்டி, வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் இடர்ப்பாடு ஆகியவை இருப்பின் மருத்துவரைக் காணத் தயங்கலாகாது. அது வேறு செய்தி.

அயோடின் கலந்த உப்பே புற்றுநோயைத் தருகிறது என்னும் வதந்தியும் இடையிடையே எழுகிறது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியின் குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பினால் முன்கழுத்துக் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கும் தடை 2006 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அயோடின் குறைந்த நிலப்பகுதிகளில் கொடிய வகைத் தைராய்டு புற்றுகளின் பங்கே மிகுந்திருக்கும். உப்பைக் கைவிடுவது ஏதுமறியாத குழந்தையின் மூளையைப் பணயம் வைப்பதாகும்.

சட்டத்தின் அளவில் நாம் வெறுங்கையராய் இல்லை. நிலைத்து நிற்கும் கரிம மாசுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. 2018-இல் வெளியான விதிகள், புரோமின் கலந்த தீத்தடுப்புப் பொருள்கள் சிலவற்றை உள்ளிட்ட 7 இரசாயனங்களின் உற்பத்தி, வாணிகம், பயன்பாடு, இறக்குமதி ஆகியவற்றைத் தடுத்தன. டியூக் ஆய்வில் ஐயத்துக்குள்ளான டெக்கா வகை, 2017-இலேயே சர்வதேசப் பட்டியலில் ஏறியிருந்தும், அந்த ஏழனுள் இடம்பெறவில்லை. விதி வருமுன் விற்கப்பட்ட மெத்தைகளும் பெட்டிகளும் வீடுகளில் இன்னும் உள்ளன. அவை பழுதாகிப் பழைய பொருள் வாங்குவோரின் வண்டியில் ஏறும்போது எங்கே போய்ச் சேருகின்றன என்பதை நகராட்சிகள் கணக்கெடுத்தல் வேண்டும். மொராதாபாத்தின் அடுப்பங்கரைத் தூசியையும் அங்குள்ள பெண்களின் குருதியையும் ஒருசேர அளந்து, புற்றுநோய்ப் பதிவேடுகளோடு பல்லாண்டு பொருத்திப் பார்க்கும் பணி நம் ஆய்வு நிறுவனங்களுக்குரியது.