கோடை விடுமுறையும் வாழ்க்கைப் பயிற்சியும்

பார்வையிழந்த, குறைபார்வையுடைய வளரிளம் பருவத்தினரின் குடும்பத்தாருக்கு ஒரு பாடம்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது, பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவரிடம் பெரும்பாலும் கேட்பது, எந்தப் பாடத்திற்குத் தனிப்பயிற்சி அளிக்கலாம் என்பதே. மதிப்பெண்மீது கொண்ட அக்கறை நியாயமானது. எனினும் பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைக்கு அதற்கு இணையான தேவை இன்னொன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து விடுதியில் தங்கிக் கல்லூரிக்குச் செல்லும் நாளில், தன் உடையைத் தானே துவைத்து, தன் உணவைத் தானே பரிமாறிக்கொண்டு, தன் வகுப்பறைக்குத் தானே நடந்து செல்லும் திறனே அது. அதனைக் கற்பிப்பதற்கென்றே கோடைக்காலப் பயிற்சிகள் அமைந்துள்ளன.

பார்த்துக் கற்றலும் சொல்லிக் கற்றலும்

பார்வையுடைய குழந்தை, யாரும் கற்பிக்காமலேயே பலவற்றைக் கற்றுக்கொள்கிறது. அன்னை சோறு வடிப்பதையும், தந்தை நடத்துநரிடம் பணம் நீட்டுவதையும், வரிசையில் மக்கள் நிற்பதையும் நாள்தோறும் காண்கிறது. கண்டதைச் செய்து பார்க்கிறது. பார்வையற்ற குழந்தைக்கு இவ்வாயில் அடைபட்டுள்ளது. எனவே பிறர் பார்த்துக் கற்பவற்றை அக்குழந்தைக்குத் தொட்டுக் காட்டியும் சொல்லியும் கற்பிக்க வேண்டும். ஒரு பிள்ளை பதினைந்து வயதிலும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட இயலாமல் இருந்தால், அதற்கு அறிவுக் குறைவு காரணம் என எண்ணலாகாது. கற்பிக்கப்படாமையே பெரும்பாலும் காரணமாகும்.

அமெரிக்கக் கல்வியாளர் பில் ஹாட்லன், 1996ஆம் ஆண்டில் இத்தகைய திறன்களை ஒரு பாடத்திட்டமாகத் தொகுத்தார். பிரெயில் முதலிய கல்விசார் திறன்கள், திசையறிதலும் நடமாட்டமும், சமூகப் பழக்கம், அன்றாட வாழ்வுத் திறன், ஓய்வும் விளையாட்டும், எஞ்சிய பார்வையையும் பிற புலன்களையும் பயன்படுத்துதல், உதவிக் கருவிகள், தொழில் அறிவு, தன் முடிவைத் தானே எடுத்தல் என அதில் ஒன்பது பகுதிகள் இன்று இடம்பெறுகின்றன. பள்ளி நாட்களில் இவற்றுக்கு நேரம் கிடைப்பது அரிது. ஆகவே அந்நாட்டில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பார்வையற்றோர் பள்ளி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேரல் மையம் போன்ற நிறுவனங்கள் கோடை விடுமுறையில் வளரிளம் பருவத்தினரைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்கின்றன. சமைத்தல், பேருந்தில் செல்லுதல், பணியிட அனுபவம் பெறுதல் ஆகியவை அங்குப் பாடங்களாகின்றன.

யாருக்கு இப்பயிற்சி?

முற்றிலும் பார்வையற்றோருக்கு மட்டுமே இது என்று கருத வேண்டா. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழ் இருப்பதையோ, பார்வைப் புலம் 10 பாகைக்கும் குறைவாக இருப்பதையோ பார்வையின்மை என்கிறது. பார்வை 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை உள்ள நிலை குறைபார்வை ஆகும். பார்வைப் புலம் 40 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பதும் அதில் அடங்கும்.

குறைபார்வையுடைய பிள்ளைகள் பலர் தம் நிலையை மறைக்கவே முயல்கின்றனர். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயுடைய பிள்ளை, பகலில் புத்தகத்தை நன்றாகப் படிக்கலாம். மாலை மங்கியதும் படியில் தடுமாறலாம். அப்பிள்ளைக்கும் வெண்கோல் தேவைப்படும். கோலை ஏந்துவது அவமானம் அன்று என்பதைத் தன் வயதொத்த பிறரோடு பழகும்போது அப்பிள்ளை எளிதில் உணரும்.

பயிற்சியில் சேர்க்கும் முன் கண் மருத்துவரைக் காண்பது கட்டாயம். கடுமையான கிட்டப்பார்வையோ விழித்திரை விலகும் அபாயமோ உள்ளவர்கள், தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். கிளாக்கோமா உடையவர்கள் கண் சொட்டு மருந்தை ஒரு நாளும் நிறுத்தலாகாது. தலைகீழாக நிற்கும் யோகாசனங்கள் கண்ணழுத்தத்தை உயர்த்தும் என்பதையும் பயிற்சியாளரிடம் கூறிவிட வேண்டும். நிறமிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்குத் தொப்பியும் நிறக் கண்ணாடியும் இன்றியமையாதவை.

பயிற்சியில் கற்பவை

நடமாட்டம்: இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக, அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் ரிச்சர்டு ஹூவர் 1940களில் நீண்ட கோலின் நுட்பத்தை வகுத்தார். தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகக் கோலை இடமும் வலமும் வீச வேண்டும். இடக்கால் முன்வைக்கும்போது கோலின் நுனி வலப்பக்கத் தரையைத் தொடும். வலக்கால் முன்வைக்கும்போது இடப்பக்கத்தைத் தொடும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னரே ஆராய்ந்துவிடுகிறது. பிறர் துணையோடு செல்லும்போது, பார்வையற்றவரே துணைவரின் முழங்கைக்குச் சற்று மேலே பற்றி அரையடி பின்னே நடக்க வேண்டும். அவரது கையைப் பிடித்து இழுப்பதும் முதுகைத் தள்ளுவதும் தவறு.

உணவு: தட்டைக் கடிகார முகமாகக் கருதி, ஆறு மணி இடத்தில் சோறு, மூன்று மணி இடத்தில் கூட்டு எனக் கற்பிப்பது உலகெங்கும் உள்ள முறை. நம் வாழையிலைப் பந்தியிலோ இவ்வொழுங்கு முன்னரே உள்ளது. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் இடப்பக்க மேல்மூலை, சோறு கீழ்ப்பாதி என்னும் வழக்கத்தை விளக்கிவிட்டால் பிள்ளை கூச்சமின்றிப் பந்தியில் அமரும்.

பணம்: புதிய 100, 500 ரூபாய்த் தாள்களின் ஓரங்களில் முறையே நான்கு, ஐந்து சாய்கோடுகள் தடவி உணரும்படி அச்சிடப்பட்டுள்ளன. ரூபாய்த் தாளை அடையாளம் கண்டு ஒலியால் அறிவிக்கும் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது.

கருவிகள்: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆயினும் கேட்பது மட்டும் போதாது. எழுத்துக்கூட்டி எழுதப் பிரெயில் வேண்டும். மூன்று வயதில் கண்ணில் காயமுற்றுப் பார்வையிழந்த லூயி பிரெயில், 1824இல் தம் எழுத்துமுறைக்கு வடிவம் கொடுத்தபோது அவருக்கு வயது பதினைந்து.

தேர்வும் உரிமையும்: சொல்வதை எழுதுபவரைக் கொண்டு தேர்வு எழுதுவது தனித்திறன். விடையை மனத்தில் வகுத்து, நிறுத்தக் குறியோடு சொல்லப் பழக வேண்டும். மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரத்தை மைய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடையோருக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடும் உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், முற்றிலும் பார்வையற்றவராக இந்திய வெளியுறவுப் பணியில் 2015இல் சேர்ந்தார் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன்

கீழ்க்காணும் வினாக்களை நடத்துவோரிடம் தயங்காமல் கேளுங்கள்.

1. நடமாட்டப் பயிற்சியில் தகுதி பெற்ற ஆசிரியர் உள்ளாரா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?
2. பிள்ளைகள் உண்மையாகவே அடுப்படியிலும் தெருவிலும் பயில்கின்றனரா?
3. பார்வையற்ற பெரியவர் எவரேனும் பயிற்சியாளராக உள்ளாரா?
4. பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளரும் பாதுகாப்பான தங்குமிடமும் உண்டா? கையைத் தொட்டுக் கற்பிக்கும் முன் பிள்ளையின் இசைவைக் கேட்கின்றனரா?
5. மருந்து கொடுக்கவும் அவசர நேரத்தில் மருத்துவரை அழைக்கவும் யார் பொறுப்பு?

பாட்டும் விருந்தும் பரிசுப்பொருளும் தந்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடும் முகாமில் பிள்ளை ஒரு நாள் மகிழலாம். அதனைப் பயிற்சி எனக் கொள்ளலாகாது.

அருகில் பயிற்சி இல்லையெனில்

வீட்டிலேயே நான்கு வாரங்களை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். முதல் வாரம், உடை துவைத்தல், மடித்தல், படுக்கையைச் சீர்செய்தல். இரண்டாம் வாரம், குளிர்ந்த நீரைச் சிந்தாமல் ஊற்றுதல், காய் நறுக்குதல், பின்னர்ப் பெரியவர் அருகிருக்க அடுப்பைக் கையாளுதல். மூன்றாம் வாரம், பணத்தை எண்ணுதலும் கைப்பேசியைத் திரைவாசிப்பானோடு இயக்குதலும். நான்காம் வாரம், கடைக்குச் சென்று ஒரு பொருளேனும் வாங்கி வருதல். இதில் பெரியவர் சில அடிகள் பின்னே வரலாம். கடைக்காரரிடம் பேச வேண்டியவர் பிள்ளையே. சாலையைத் தனியே கடக்கப் பழகுவதை மட்டும் தகுதி பெற்ற பயிற்சியாளரிடமே விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்குரிய பாடம்

முகாமில் தானே சமைத்த பிள்ளை வீடு திரும்பியதும், அன்னை மீண்டும் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால், கற்றது சில வாரங்களில் மறைந்துவிடும். அன்பினால் செய்யப்படுவதாயினும் விளைவு அதுவே. பிள்ளை தேநீரைச் சிந்தும். சட்டையைப் புறம் மாற்றி அணியும். ஒரு பணியை முடிக்க இருமடங்கு நேரம் எடுக்கும். அந்நேரங்களில் உதவி கேட்கப்படும்வரை பொறுத்திருப்பது கடினம். ஆயினும் நாம் என்றும் உடனிருக்கப்போவதில்லை. நாம் உடனிருக்கும் காலத்திலேயே பிள்ளை சிந்தவும் துடைக்கவும் பழகட்டும்.

இன்றே ஒரு தாளை எடுத்து, உங்கள் பிள்ளை தானே செய்பவற்றை ஒரு புறமும், பிள்ளைக்காக நீங்கள் செய்பவற்றை மறுபுறமும் எழுதுங்கள். விடுமுறை முடிவதற்குள் மறுபுறத்திலிருந்து மூன்றையேனும் இப்புறம் மாற்றுங்கள். அடுத்த முறை குறைபார்வைப் பிரிவுக்கு வரும்போது அத்தாளைக் கொண்டுவாருங்கள். அன்று பதிவு முகப்பில் தன் பெயரையும் வயதையும் உங்கள் பிள்ளையே சொல்லட்டும்.