பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வேளாண் தொழிற்கல்வி ஆசிரியர் நான். மாணவர்களை நாற்றுப் பண்ணைக்குப் பயிற்சிக்கு அனுப்பும்முன் எந்தச் சட்டத்தைச் சொல்லித் தர வேண்டும்?

பதில்: குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். 1986-இல் வந்த இச்சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை அபாயகரமான வேலையில் அமர்த்தக் கூடாது. மற்ற வேலைகளிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு 1 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. வாரம் ஒருநாள் விடுமுறை கட்டாயம்.

இவற்றைக் கரும்பலகையோடு விட்டுவிடாதீர்கள். “நாளைக்கு விடியற்காலை 5 மணிக்குப் பூப்பறிக்க வந்துடு” என்று பண்ணைக்காரர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வகுப்பிலேயே பேசிப் பழக்குங்கள். குழித்தட்டில் விதை போடட்டும், ஒட்டுக் கட்டட்டும். மருந்து டேங்கை மட்டும் முதுகில் ஏற்ற விடாதீர்கள். பயிற்சி என்பது பிள்ளை கற்றுக்கொள்வதற்கு; ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்கு அல்ல.