காலாண்டு அறிக்கையும் பங்கு விலையும்: ஒரு மின்சாரக் கார் நிறுவனம் தரும் பாடம்

ஒரு நிறுவனத்தின் இலாபம் பெருகினால் அதன் பங்கு விலை ஏறும். இலாபம் சுருங்கினால் விலை இறங்கும். பொருளாதாரம் பயிலத் தொடங்குவோர்க்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம் இது. ஆனால், அமெரிக்காவின் டெஸ்லா மின்சாரக் கார் நிறுவனத்தின் வரலாற்றில் 2024ஆம் ஆண்டு இதற்கு நேர்மாறான இரு நிகழ்ச்சிகளைக் கண்டது.

இரு அறிவிப்புகள்

2023ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டுக் கணக்கை அந்நிறுவனம் 2024 ஜனவரி 24 அன்று வெளியிட்டது. நிகர இலாபம் சுமார் 790 கோடி டாலர். முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆயினும், மறுநாள் பங்கு விலை சுமார் 12 விழுக்காடு சரிந்தது.

அடுத்த அறிக்கை ஏப்ரல் 23 அன்று வந்தது. நிகர இலாபம் 55 விழுக்காடு குறைந்து 113 கோடி டாலராயிற்று. வருவாயும் 9 விழுக்காடு குறைந்தது. மறுநாளோ, பங்கு விலை சுமார் 12 விழுக்காடு உயர்ந்தது!

காரணம் யாது?

ஜனவரி இலாபத்தில் சுமார் 590 கோடி டாலர், ஒருமுறை மட்டுமே கிடைக்கும் வரிக் கணக்குச் சலுகையால் வந்தது. கார் விற்றுப் பெற்றதன்று. கார்களின் விலையை நிறுவனம் 2023இல் பலமுறை குறைத்திருந்தது. அதனால் விற்பனை பெருகியும், செயல்பாட்டு இலாபம் வருவாயில் 16 விழுக்காட்டிலிருந்து 8.2 விழுக்காடாக ஓராண்டில் வீழ்ந்திருந்தது. இவற்றோடு, 2024இல் உற்பத்தி வளர்ச்சி வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறையக்கூடும் என்றும் நிறுவனம் அறிவித்தது. வேகமான வளர்ச்சியை எதிர்பார்த்து உயர்ந்த விலை கொடுத்திருந்தோர் பங்குகளை விற்றனர்.

ஏப்ரலில் நிலைமை வேறு. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து பங்கு விலை ஏற்கெனவே 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தது. அக்காலாண்டில் 4,33,371 கார்கள் உற்பத்தியாயின. வாங்குவோரிடம் ஒப்படைக்கப்பட்டவை 3,86,810 மட்டுமே. ஆகவே, மோசமான கணக்கைச் சந்தை முன்னரே எதிர்பார்த்திருந்தது. எதிர்பாராதது ஒன்றுதான்: புதிய மாதிரிக் கார்களின் உற்பத்தியை, 2025இன் பிற்பாதி என்று முன்னர் கூறியிருந்த காலத்திற்கும் முன்பாகவே, இருக்கும் உற்பத்தி வரிசைகளைக் கொண்டே தொடங்கப்போவதாக வந்த அறிவிப்பு.

சுருங்கக் கூறின், சந்தை விலையிடுவது கடந்த காலாண்டை அன்று. எதிர்பார்ப்புக்கும் அறிவிப்புக்கும் இடையேயுள்ள இடைவெளியையே.

உற்பத்தி மதிப்பீட்டின் நம்பகம்

வருங்கால உற்பத்தி பற்றிய சொல் வாக்குறுதி அன்று, மதிப்பீடே. 'மாடல் 3' காரை வாரத்திற்கு 5,000 என்ற அளவில் 2017 இறுதிக்குள் உற்பத்தி செய்ய இந்நிறுவனம் முதலில் எண்ணியிருந்தது. அந்த அளவை எட்டியது 2018 ஜூன் இறுதியில்தான். மறுபுறம், 2024 ஜனவரியில் விடுத்த எச்சரிக்கை மெய்யாயிற்று. 2023இல் 18.08 லட்சமாக இருந்த ஒப்படைப்பு, 2024இல் 17.89 லட்சமாகக் குறைந்தது. ஒரு நாள் ஏற்றத்தையோ இறக்கத்தையோ கண்டு தொழிலின் தலைவிதியைக் கணிப்பது தவறு என்பதற்கு இதுவே சான்று.

நமக்குரிய படிப்பினை

முதலீட்டாளர் தவறாகக் கணித்தால் அவர் தம் பணத்தை இழப்பார். நிலம், மின்சாரம், வரிச் சலுகை ஆகியவற்றை அளிக்கும் அரசு தவறாகக் கணித்தால் இழப்பு மக்களுடையது. எனவே, அதிகாரிகள் நோக்க வேண்டியது பங்கு விலையை அன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார்களின் எண்ணிக்கை, தேங்கிய இருப்பு, உள்நாட்டில் சேர்க்கப்படும் மதிப்பு ஆகியவற்றையே.

மின்சாரக் கார் உற்பத்திக்கென 2024 மார்ச் 15 அன்று இந்திய அரசு அறிவித்த திட்டம் இவ்வழியில் அமைந்தது. குறைந்த சுங்க வரியில் வரையறுத்த எண்ணிக்கையில் கார்களை இறக்குமதி செய்ய விரும்பும் நிறுவனம், குறைந்தது 4,150 கோடி ரூபாய் முதலிட வேண்டும். உள்நாட்டு மதிப்புச் சேர்ப்பு மூன்றாம் ஆண்டுக்குள் 25 விழுக்காட்டையும், ஐந்தாம் ஆண்டுக்குள் 50 விழுக்காட்டையும் எட்ட வேண்டும். இதற்கு வங்கி உத்தரவாதமும் தரவேண்டும்.

மதிப்பீட்டைக் கேட்டுச் சந்தை ஒரே நாளில் மனம் மாறலாம். பொதுப்பணத்தைக் காப்போர், மதிப்பீடு மெய்ப்படும் வரை பொறுத்திருந்து அளந்து பார்த்தல் வேண்டும்.