வழி மறக்கும் பெற்றோரும் கண்காணிப்புக் கருவியும்: வேவு பார்ப்பதா, பாதுகாப்பதா?



ஒரு சகோதரர் என்னிடம் கேட்ட மஸ்அலாவையே இன்றைய பயானுக்கு எடுத்துக்கொள்கிறேன். அவருடைய வாப்பாவுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறார். (சேர்த்தது சரியா என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். இரவு பகலாகப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்.) யாரிடமும் சொல்லாமல் இரண்டு முறை வெளியே போய்விட்டார். இப்போது இல்லத்தார், கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டவும் அறையில் கேமரா வைக்கவும் சம்மதம் கேட்கிறார்கள். "பெற்ற தகப்பனையே வேவு பார்ப்பதாகாதா ஹழ்ரத்?" என்றார்.

இந்த நோயைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாம் அறிந்திருந்தவர் எதுவுமே அறியாத தள்ளாத வயதுக்குத் திருப்பப்படுவதை ஸூரத்துந் நஹ்லின் 70-வது ஆயத்தும் ஸூரத்துல் ஹஜ்ஜின் 5-வது ஆயத்தும் பேசுகின்றன. நபி (ஸல்) அவர்கள் அந்த நிலையை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதாக புகாரியில் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

அவர்கள் சும்மா சுற்றுவதில்லை, ஒரு வேலையாகத்தான் கிளம்புகிறார்கள். நாற்பது வருடம் தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர் இரவு இரண்டு மணிக்குப் பள்ளிக்கு என்று புறப்படுவார். எப்போதோ விற்றுவிட்ட கடையைத் திறக்கப் போவார். பலருக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மனம் நிலைகொள்ளாது. அந்த நேரத்தில் கையைப் பிடித்து ஒரு நடை கூட்டிப்போனாலே பாதி அமைதி வந்துவிடும். கருவி அதற்கு அடுத்ததுதான்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது ஆயத்து துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டது, பிறர் மறைத்த குறையைத் தோண்டி எடுப்பது. ஒருவர் நடுரோட்டில், குளக்கரையில், ரயில் தண்டவாளத்தில் போய் நிற்காமல் காப்பது அதில் சேராது. அறிவு தடுமாறியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டதாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. அவருக்குப் பொறுப்பாளர் வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பு அவருடைய நலனுக்காக, நம்முடைய வசதிக்காக அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன திர்மிதீ ஹதீஸும் நமக்குத் தெரியும். எனவே கடிகாரம் கட்டுவது கூடும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும் சும்மா இருந்தால் அதுதான் அமானத்தில் குறை.

கேமராவின் சங்கதி வேறு. ஸூரத்துந் நூரின் 58-வது ஆயத்தைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில், வீட்டுக்குள்ளேயே வளரும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். பெற்ற பிள்ளைக்கே இந்தச் சட்டம் என்றால், இருபத்துநாலு மணி நேரமும் இமைக்காத ஒரு கண்ணை உடை மாற்றும் அறையில் எப்படி வைப்பது? கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும், கட்டிலை விட்டு இறங்கினால் எச்சரிக்கும் விரிப்பும் இருக்கின்றன. ஔரத்தைப் பார்க்காமலே அவை காரியத்தை முடித்துவிடும். இதைவிட வேதனை, அவர் தடுமாறும் காட்சியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பது. வாப்பாவுக்கு நினைவு போயிருக்கலாம், மானம் போகவில்லை.

நோயின் தொடக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். அவரிடமே சொல்லி, கேட்டுக் கட்டுங்கள்.

கருவியைத் தாயத்து மாதிரி ஆக்கிவிடாதீர்கள், கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்று! சார்ஜ் இறங்கும், கட்டடத்துக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அவரே கழற்றியும் வைத்துவிடுவார். மணி அடித்தால் எழுந்து போக ஓர் ஆள் வேண்டும். கருவி வந்துவிட்டது என்று இரவுப் பணியாளரைக் குறைக்கும் இல்லமாக இருந்தால், சம்மதக் கையெழுத்துக்கு முன் அதைக் கேளுங்கள்.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில்: கடிகாரம் கட்டுங்கள், அறைக் கேமராவை மறுத்துவிட்டுக் கதவுக்கு மணி வைக்கச் சொல்லுங்கள்.

நம் மஹல்லாவில் இப்படிப்பட்ட பெரியவர் இருக்கும் வீட்டார், அவருடைய போட்டோவையும் உங்கள் போன் நம்பரையும் மோதினாரிடம் கொடுத்து வையுங்கள். காணாமல் போனால் காத்திருக்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணும் இருக்கிறது. பாங்குக்கு முன்னால் ஒரு பெரியவர் பள்ளி வாசலில் தனியாக நின்றால், "இன்னும் நேரமாகவில்லை, வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வைத்து, ஒரு டீ கொடுத்துவிட்டு அந்த நம்பருக்குப் போன் போடுங்கள்.